சாம்பல் நிறத்தில் படிக்க மாட்டேன்

இதை டேப்லெட்டில்தான் எழுதுகிறேன். படிப்பதும் அதில்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் திருத்த வர வேண்டாம்.

மலேசியாவில், ஈப்போவில் நானும் என் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். ஆறாம் ஆண்டோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பை வெங்காய மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். என் டேப்லெட் பத்து அங்குலம். ஒரு மூலையில் விரிசல், அது சர்க்கரை மூட்டை விழுந்த கணக்கு. தமிழில் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத்தான் கிடைக்கின்றன. என் டேப்லெட் அந்தப் பக்கத்தை அச்சிட்ட அளவிலேயே, பழுப்பேறிய தாளின் கறையோடு காட்டும். ஆனாலும் கடைக்கு வருகிற வாத்தியார் முதல் கோயில் கமிட்டிச் செயலாளர் வரை எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள். "படிக்கிறதுக்குன்னே தனியா ஒரு கருவி இருக்குக்கா. கண்ணுக்கு நல்லது, மனசு அலையாது." என் மனசை அலைய விடுவது கருவி இல்லை. பக்கத்தின் நடுவில் "மல்லித்தூள் இருக்கா?" என்று வந்து நிற்பவர்கள்தான்.

இந்த முறை சிவகாசிக்குப் போனது காலண்டருக்காக. வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குத் தினசரி காலண்டர் கொடுப்போம். போன வருஷம் அச்சாகி வந்த முருகனுக்கு மஞ்சள் காமாலை. "சாமிக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒரு சீனக் கிழவர்கூடக் கேட்டுவிட்டார். இந்த வருஷம் நேரில் போய் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். தங்கியது விருதுநகரில், என் சித்தி மகள் முத்துலட்சுமி வீட்டில்.

மதுரையிலிருந்து என்னைக் காரில் அழைத்துப் போனவன் அவளுடைய தம்பி கணேசன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, லீவுக்கு வந்திருந்தான். கார் திருமங்கலத்தைத் தாண்டவில்லை, என் மடியிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, இன்னும் இதுலயா படிக்கிறீங்க? இது டிவி மாதிரிக்கா. படிக்கிறதுக்குச் செஞ்சது இல்ல."

"தோசைக்கல்லுல சப்பாத்தி சுடலாமா கூடாதா?" என்றேன்.

"அது வேறக்கா."

"எனக்கு ஒண்ணுதான். வயிறு நிறையுது."

அன்றைக்கு எண்ணெய் புரோட்டா வாங்கித் தந்தான். எங்கள் ஊர் ரொட்டி சானாய் விசிறி மாதிரி பரந்திருக்கும். இது உள்ளங்கை அகலத்தில் எண்ணெயில் குளித்து எழுந்து வருகிறது. கடித்தால் நொறுங்குகிற சத்தம் பக்கத்து மேஜைக்குக் கேட்கும். பரிமாறியவர் சால்னாவை ஊற்றிக்கொண்டே, "மலேசியால இது உண்டாம்மா?" என்று கேட்டார். "இருந்தா நான் ஏன் இம்புட்டு தூரம் வாரேன்?" என்றேன். சின்ன வயதில் அம்மாவிடம் கேட்ட பேச்சு, நாக்கு தானாகவே அங்கே போய்விட்டது.

வீட்டில் முத்துலட்சுமி எனக்குத் தண்ணீர் கொடுத்த கையைப் பார்த்தேன். விரல் நுனிகளில் வெள்ளி மினுக்கம். அலுமினியப் பொடி. பதினேழு வருஷமாகப் பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். "எம்புட்டு தேச்சாலும் போகாதுக்கா. ரேசன் கடை மிஷின்லகூட என் ரேகை விழாது. நான் ஊருக்குள்ளேயே இல்லாத ஆளு" என்று சிரித்தாள்.

அவளுக்கு அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு பரீட்சை. தேறினால் போர்மேன் சர்ட்டிபிகேட். எதற்கு இந்த வயதில் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு ரூம் வாசல்லயும் இத்தனை பேருதான் இருக்கணும்னு எழுதிப் போட்டிருக்கும்க்கா. சீசன் நேரத்துல நாலு பேர் ரூம்ல ஆறு பேரை உக்கார வச்சாக. கூடாது சார்னு சொன்னேன். 'நீ என்ன போர்மேனா?'ன்னு கேட்டாரு மேனேஜர்." முந்தானையை உதறிச் செருகினாள். "அதான், ஆயிட்டே கேப்போம்னு."

பாடப் புத்தகம் எங்கே என்றேன். அலமாரியில் சேலைகளுக்கு நடுவிலிருந்து உறை போட்ட ஒரு சின்னக் கருவியை எடுத்தாள். படிப்பதற்கென்றே செய்த கருவி. கணேசன் வாங்கிக் கொடுத்தது. பயிற்சிக்காரர்கள் கொடுத்த நூற்று நாற்பது பக்கக் கோப்பை அவனே அதில் ஏற்றியும் கொடுத்திருந்தான்.

"எப்படி இருக்கு?" என்று அவளைத்தான் கேட்டேன்.

"சூப்பரா இருக்குக்கா" என்றாள், தம்பியைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை அவளுடைய கம்பெனி வேனில் நானும் தொற்றிக்கொண்டேன். தொழிற்சாலை வாசலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து சிவகாசி அச்சகத்துக்குப் போவதாக ஏற்பாடு. பன்னிரண்டு பேர் வண்டியில் பதினெட்டுப் பெண்கள். "மலேசியாக்காரகளுக்கு ஜன்னல் சீட்டு கொடுங்கடி, பிளேன்ல வந்தவுக" என்று ஜோதி என்பவள் கத்தினாள். வேனில் வாய் அதிகம் அவளுக்கு.

முத்துலட்சுமி கருவியைத் திறந்தாள். எட்டிப் பார்த்தேன். வண்ணமே காட்டாத சாம்பல் திரையில் எறும்பு ஊர்வது போல எழுத்து. ஸ்கேன் செய்த பெரிய பக்கம் அந்தச் சின்னத் திரையில் சுருங்கிக் கிடந்தது. பெரிதாக்கினால் ஒரு மூலை மட்டும் தெரியும். அடுத்த மூலைக்கு நகர்த்தினால் திரை ஒரு முறை கறுத்து, யோசித்து, பிறகு காட்டும். ஒரு வரியைப் படிக்க ஓரத்துப் பொத்தானை அழுத்தி மூன்று தடவை நகர்த்தினாள். நான் வாயைத் திறக்கப் போனேன். "தம்பிகிட்டச் சொல்லிறாதீக" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொழிற்சாலைக்கு ரொம்ப முன்னாலேயே வேன் நின்றுவிட்டது. வேப்ப மரத்தடியில் எண் போட்ட அறைகளுடன் ஒரு மரப்பெட்டி. பேட்டரி உள்ள எதுவும் அதைத் தாண்டக் கூடாது. எல்லோரும் போனை அதில் வைத்தார்கள். முத்துலட்சுமியின் கருவி அவள் அறைக்குள் அழகாக உட்கார்ந்துகொண்டது. வாட்ச்மேன் என் டேப்லெட்டைப் பார்த்தார்.

"அதென்ன தாயி, பலகை மாதிரி? பெட்டியில கொள்ளாதே."

"நான் உள்ளே வரலை அண்ணாச்சி."

"வந்தாலும் விட மாட்டோம்" என்றார், ரொம்பச் சந்தோஷமாக.

கொள்ளாதுதான். ஒப்புக்கொள்கிறேன். என் டேப்லெட் கனமானது. படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும். இரண்டு முறை விழுந்திருக்கிறது. வெயிலில் திரை கண்ணாடியாகி என் முகத்தையே எனக்குக் காட்டும். சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்து நிற்கும். இவ்வளவும் தெரிந்துதான் அதில் படிக்கிறேன். குறையில்லாத சம்பந்தம்தான் வேண்டும் என்று நின்றிருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

அச்சகத்தில் மிஷின்காரர் மாதிரித் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கி, "முருகன் கன்னத்துல சிவப்பு ஒரு பொட்டு கம்மி. போன தடவை மஞ்சள் தூக்கலாப் போயிருச்சுல்லம்மா?" என்றார். நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த தாள் வந்தது. அடுத்தது. ஆறாவது தாளில் முருகன் குணமாகிவிட்டான். வண்ணத்தை விற்றுச் சாப்பிடுகிற ஊர். சுவரெல்லாம் பட்டாசு லேபிள், பூ, புலி, மயில். இந்தப் பக்கத்திலிருந்து போன கணேசன் தன் அக்காவை எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் படி என்கிறானே என்று நினைத்தேன். அப்போது அது எனக்கு வெறும் வாய்ச்சவடால்தான். அதன் அர்த்தம் சாயங்காலம்தான் புரிந்தது.

அச்சகத்திலிருந்து பஸ்ஸில் தொழிற்சாலை வாசலுக்கே வந்து மறுபடியும் வேனில் ஏறிக்கொண்டேன். திரும்பும்போது ஆமத்தூர் தாண்டி வேன் நின்றது. டிரைவர் இறங்கி அடியில் புகுந்தார். காலும் செருப்பும் மட்டும் வெளியே. "எவ்வளவு நேரம் அண்ணே?" என்று ஜோதி கேட்டாள். "அதுகிட்டயே கேளு" என்று உள்ளிருந்து பதில் வந்தது. கருவேல மரத்தடியில் உட்கார்ந்தோம். யாரோ சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. கை மட்டும் மறுபடியும் பொட்டலத்துக்கே போனது.

முத்துலட்சுமி கணவர் லாரி டிரைவர். பயிற்சிக்காரர்கள் அனுப்பிய கோப்பு அவர் போனில்தான் வந்திருந்தது. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட் போன், அதுவும் அவரோடு ரோட்டில் இருக்கும். நான் அவரைக் கூப்பிட்டேன். ஜோதியின் போனிலிருந்து நெட் வாங்கினேன். கோப்பு என் டேப்லெட்டுக்கு வந்து சேர்ந்தது. பதினோரு சதவீதம் சார்ஜ்.

மேற்கு வெயில் நேராகத் திரையில். ஒன்றும் தெரியவில்லை. "இருங்கக்கா" என்று ஜோதி தன் முந்தானையை விரித்து எங்கள் தலைக்கு மேல் போட்டாள். இன்னொருத்தி மறுபக்கம் பிடித்தாள். கூடாரத்துக்குள் நாங்கள் ஐந்தாறு தலை, சேவு வாசனை. முத்துலட்சுமி பக்கத்தைத் தள்ளினாள். நகரவில்லை. தேய்ந்து காய்ந்த விரல் நுனியைத் திரை கண்டுகொள்ளவே இல்லை.

"பாத்தீகளா, இதுக்கும் நான் இல்லாத ஆளுதான்" என்றாள்.

ஜோதி சேவு கையோடு தன் விரலை மடக்கிக் கணுவால் ஒரு தட்டுத் தட்டினாள். பக்கம் புரண்டது. கூடாரத்துக்குள் ஒரே சிரிப்பு. பிறகு முத்துலட்சுமியும் கணுவாலேயே தள்ளினாள், கதவைத் தட்டுகிற மாதிரி. எழுபத்தாறாவது பக்கத்தில் தொழிற்சாலைப் பிளான் வந்தது. அவள் கை நின்றுவிட்டது.

சிவப்புக் கட்டங்கள். பச்சைக் கட்டங்கள். மஞ்சள், நீலம். ஓரத்தில் விளக்கம்: சிவப்பு என்றால் மருந்து கலக்கும் அறை, பச்சை என்றால் அந்த மருந்தைப் பட்டாசுக்குள் செலுத்தும் அறை, மஞ்சள் காயப் போடும் மேடை, நீலம் பேக்கிங்.

"இதுல ரெண்டு கலரா இருக்கு" என்றாள் மெதுவாக.

"எதுல?"

"சிவப்பும் பச்சையும். நான் படிச்சதுல ரெண்டும் ஒரே சாம்பல். எல்லாமே கலக்குற ரூமுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். ஒன்பது ரூம். இதுல பாருங்க, கலக்குறது மூணுதான். அதுவும் தனியா, தள்ளி."

ஜோதி எட்டிப் பார்த்தாள். "கலக்குற ரூமு ஒன்பதும் ஒட்டி ஒட்டி இருந்தா, நாம எல்லாம் இன்னிக்கு மாலை போட்ட போட்டாவாத்தான்டி இருப்போம்."

வழுக்கிய முந்தானையை மறுபடியும் மேலே இழுத்துவிட்டாள்.

"பதினேழு வருஷம் உள்ளயே இருக்கியே, உனக்குத் தோணலையா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தோணுச்சுக்கா. தப்பா இருக்கேன்னு மொத நாளே தோணுச்சு. ஆனா புஸ்தகத்துல போட்டிருக்கு. படிச்சவன் வாங்கித் தந்த மிஷின். நமக்கென்ன தெரியும்னு நான் தெரிஞ்சதை அழிச்சிட்டு இதை ஏத்திக்கிட்டேன்."

கோபத்தில் கையிலிருந்த சேவைப் பொட்டலத்திலேயே திருப்பிப் போட்டேன். கருவி மேல் இல்லை அந்தக் கோபம். கதைப் புத்தகத்துக்கு அது அருமையான சாமான், வைத்துக்கொள்ளட்டும். இதுதான் சரியாகப் படிக்கிற முறை என்று ஒருவர் சொல்லிவிட்டால் இவளைப் போன்றவர்கள் தங்கள் கண்ணையே நம்பாமல் போகிறார்களே, அதன் மேல் கோபம். நாங்கள் யாரும் நல்ல நாற்காலியில், நல்ல வெளிச்சத்தில், நல்ல கருவியில் படித்து வந்தவர்கள் இல்லை. கிடைத்ததில் படித்தோம். கிடைத்ததில் படிப்பவர்களை ஏளனமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வண்டி கிளம்பியபோது சார்ஜ் இரண்டு சதவீதம்.

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து, சார்ஜர் குத்தி, தரையில் சம்மணம் போட்டு, கணுவால் தட்டித் தட்டிப் படித்தாள். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே போயிருந்த கணேசன் பாதியில் வந்துவிட்டான்.

"அக்கா! நான் வாங்கிக் கொடுத்தது என்னாச்சு? இதுல படிச்சா கண்ணு போயிரும்."

"கண்ணு போறதுக்கு எனக்கு பேக்டரி இருக்குலே. இதால புதுசாப் போக வேண்டாம்." அவள் எழுந்து அவனுடைய கருவியை எடுத்து வந்தாள். எழுபத்தாறாவது பக்கத்தை இரண்டிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "எது கலக்குற ரூம்னு காட்டு."

அவன் சாம்பலைப் பார்த்தான். வண்ணத்தைப் பார்த்தான். மறுபடியும் சாம்பலைப் பார்த்தான்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஆசையா வாங்கிக் கொடுத்த."

"ஆசையாக் கொடுத்தா? நாளைக்குப் பரீட்சை!"

"அதான் இப்பச் சொல்லிட்டேன்ல? தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிற."

அவன் தள்ளி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் வந்து, கத்தியை வாங்கிக் கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தான். ரொம்ப மோசமாக நறுக்கினான்.

வியாழக்கிழமை பரீட்சை நடந்த கட்டடத்துக்கு எதிரே டீக்கடையில் நானும் கணேசனும் காத்திருந்தோம். அவன் மூன்று டீ குடித்தான், நான் இரண்டு. எங்கள் ஊர் 'தே தாரிக்'கை உயரத்திலிருந்து இழுத்து ஆற்றுவதை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது காதில் விழுந்த கடைக்காரர் தன் டீயை இன்னும் ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றிக் காட்டினார்.

பன்னிரண்டரைக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பிளான் கேட்டாங்களா?" என்றான் கணேசன்.

"கேட்டாக. ஜெராக்ஸ்ல."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "சாம்பலா?"

"முழுச் சாம்பல். சிவப்பும் பச்சையும் ஒண்ணு. எல்லாரும் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்காக. நான் பாத்தேன், பாத்தேன், எந்திரிச்சிட்டேன்."

"எந்திரிச்சு?"

"சார், இது கலர்ல இருக்க வேண்டிய படம், ஜெராக்ஸ்ல கலக்குற ரூமும் செலுத்துற ரூமும் ஒண்ணாத் தெரியுது, இதைப் பாத்து எழுதுனா தப்பாத்தான் எழுத முடியும்னு சொன்னேன். 'உக்காருமா, வேற யாரும் கேக்கலையே'ன்னாரு. உக்காரலை. உனக்கு எப்படிம்மா தெரியும்னாரு. நானே ஒரு தடவை இப்படித் தப்பாப் படிச்சு ஏமாந்தேன் சார்னு சொன்னேன்."

அதிகாரி அந்தத் தாளைக் கையில் வாங்கி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாராம். அப்புறம் உள்ளே போய் வண்ணப் படத்தைக் கொண்டுவந்து போர்டில் ஒட்டினாராம். எழுதி முடித்திருந்தவர்கள் எல்லோரும் அடித்து அடித்துத் திருத்தினார்களாம்.

கணேசன் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ என் கருவியில படிச்சதாலதானே அக்காவுக்கு அந்தத் தப்பு கண்ணுல பட்டுச்சு?"

நியாயமான பேச்சு. அதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. "நீ ஒரு டீ குடி" என்றேன்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் திருமங்கலம் வந்தது. "அக்கா, உங்க டேப்லெட் எத்தனை அங்குலம்?" என்று கணேசன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"என்னைக் கேக்காதே. படிக்கப் போறவ கிட்டக் கேளு."

கேட்டான், அங்கேயே, போனை ஸ்பீக்கரில் போட்டு. எதிர்முனையில் குக்கர் விசில். "ஒண்ணும் வாங்க வேண்டாம்லே. கடைக்குப் போயி, கணுவால தட்டிப் பாத்து, எது எனக்குத் திரும்புதோ அதை நானே வாங்கிக்கிறேன்" என்றாள் முத்துலட்சுமி.

காலண்டர் ஈப்போ வந்து சேர்ந்துவிட்டது. முருகன் நல்ல ஆரோக்கியம். சீனக் கிழவர் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். அதே வாரம் முத்துலட்சுமியிடமிருந்து குரல் செய்தி வந்தது. சர்ட்டிபிகேட் வந்து, வேலையும் மாறி, அன்றைக்குத்தான் முதல் நாள். வேப்ப மரத்தடிப் பெட்டியிலிருந்து ஜோதி எடுத்த போனை வாங்கிய கையோடு பேசியிருக்கிறாள், பின்னால் வேன் ஹாரன், ஜோதியின் சத்தம்.

"அக்கா, இன்னிக்கும் நாலு பேர் ரூம்ல ஆறு பேர் உக்காந்திருந்தாக. ரெண்டு பேரை எந்திரிக்கச் சொல்லி வேற ரூமுக்கு அனுப்பிட்டேன். மேனேஜர் வேகமா வந்தாரு. 'நீ என்ன'ன்னு ஆரம்பிச்சாரு. அம்புட்டுத்தான்க்கா. அதுக்கு மேல அவருக்கு வாக்கியம் வரலை."